ஓட்டுச்சீட்டில் இரண்டாவது பெயர்

அன்புள்ள நோபு மாமாவுக்கு,

நடந்தது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட மாட்டேன். நான் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்தே எழுதுவேன். போனில் நான் எந்தக் கதை சொன்னாலும் நடுவில் நிறுத்தி, "பவித்ரா, இத நீங்க பாத்தீகளா, இல்ல யாரும் சொன்னாகளா?" என்று கேட்பீர்களே. இப்போது நிறுத்திக் கேட்க ஆள் இல்லை. அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதம் எங்கள் நூலக வாசகர் வட்டம் கொண்டுவரும் மலரில் வரப்போகிறது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் மற்றவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அமராவதிபுதூர் தாண்டி உள்ளே போகும் சின்ன ஊர். அப்பா செக்காலை ரோட்டில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். அம்மா சாந்தி எங்கள் ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி. நீங்கள் ஜப்பானியர். முதலில் அரசியல் ஆராய்ச்சியாளர், பிறகு பத்திரிகையாளர், அதன் பிறகு உங்கள் ஊர் மன்ற உறுப்பினர். எனக்குத் தாய்மாமா. இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் படிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

நீங்கள் பிறந்த ஊர் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஜன்னல் வரைக்கும் பனி ஏறிவிடும். உங்கள் அப்பா தபால்காரர். ஆறு வயதில் ஒரு நாள் தேர்தல் வண்டி ஒன்று உங்கள் தெரு வழியாகப் போனது. உள்ளே வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் உங்களைப் பார்த்துக் கும்பிட்டார். "எனக்கு ஓட்டே இல்ல. ஆனாலும் தலய எவ்வளவு கீழ குனிஞ்சாரு தெரியுமா? அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு," என்று சொல்வீர்கள். அந்தக் கிறுக்குதான் உங்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. கூடப் படித்தவர்கள் எல்லாம் தலைநகரங்களையும் பிரதமர்களையும் ஆராய்ந்தபோது நீங்கள் மட்டும், சின்ன ஊர்களில் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினீர்கள். அப்படித் தேடித்தான் தமிழ் படித்து, மதுரைக்கு வந்து, யாரோ சொல்லக் கேட்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தீர்கள்.

எங்கள் ஊரில் என்ன இருந்தது? முறை இருந்தது. ஊர் மூன்று கரை. கரை என்றால் பங்காளிகளின் கூட்டம். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வருஷத்துக்கு ஒரு கரையாகச் சுற்றிவரும். ஊராட்சித் தலைவர் பதவியும் அப்படியே. தேர்தல் அறிவித்ததும் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். யார் முறையோ அந்தக் கரையின் பெரியவர்கள் ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்த ஒருவர்தான் மனுப் போடுவார். வேறு யாரும் போடுவதில்லை என்று அம்மன் மேல் சத்தியம். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவார்கள். தங்கள் ஊர்த் தலைவருக்கு மட்டும் போட்டதே இல்லை.

நீங்கள் வந்து எங்கள் மாடி அறையில் குடியிருந்தபோது அம்மா கல்யாணமாகி வந்த புதிது. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. நீங்கள் அம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்று மட்டும் கூப்பிடாமலே கீழே இறங்கி வந்துவிடுவீர்களாம். உங்கள் மலை ஊருக்கும் மீன் காய்ந்துதான் வந்து சேரும், அதே வாசனை என்பீர்களாம்.

நீங்கள் பேசிய தமிழைப் பற்றி ஊரில் இன்னமும் சிரிக்கிறார்கள். 'வாரீக, போறீக' என்ற மரியாதைப் பேச்சை மட்டும் கற்றுக்கொண்டு, மரியாதையில்லாத பேச்சைக் கற்காமலே விட்டுவிட்டீர்கள். எங்கள் கன்றுக்குட்டியைப் பார்த்து, "கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி நில்லுங்க, காலு வலிக்குது" என்றீர்களாம். கன்றுக்குட்டி நகர்ந்ததாம். இதை நான் பார்க்கவில்லை, அப்பா சொன்னது. அவர் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்.

எனக்குக் காது குத்தியபோது நீங்கள் மறுபடி வந்திருந்தீர்கள். குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். யார் மடி என்று பேச்சு வந்தது. அப்பாவின் பெரியப்பா மகன் கருப்பையா பெரியப்பாதான் உங்களைக் கை காட்டினார். நீங்கள் எழுந்து நின்று, "இதுக்கு என்ன தகுதி வேணும்?" என்று கேட்டீர்கள்.

"மடி வேணும், மனசு வேணும். ரெண்டும் ஒங்ககிட்ட இருக்கு."

"வேற யாரும் போட்டியிடுறாகளா?"

"ஒருத்தரும் இல்ல தம்பி. நீங்க போட்டியில்லாமத் தேர்வு. உக்காருங்க!"

கூட்டமே சிரித்தது. இது கல்யாண வீடியோக்காரர் எடுத்த படத்தில் இருக்கிறது, ஆகவே நான் பார்த்ததுதான். ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் வீறிட்டேன். நீங்கள் என் தலையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதீக பவித்ரா, அழுவாதீக" என்று சொல்லிக்கொண்டே என்னைவிட அதிகமாக அழுகிறீர்கள். உங்கள் வாழ்க்கையில் போட்டியில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே பதவி அதுதான் என்று பிற்பாடு பெருமையாகச் சொல்வீர்கள்.

அப்புறம் உங்கள் ஆராய்ச்சி ஆங்கிலப் புத்தகமாக வந்தது. அட்டையில் எங்கள் கோயில். கருப்பையா பெரியப்பா தன் பிரதியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஊரில் யாரும் அதைப் படிக்கவில்லை. நான் பத்தாம் வகுப்பு விடுமுறையில் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். சண்டை இல்லாமல் அதிகாரத்தைக் கைமாற்றிக்கொள்ளும் அழகான வழி எங்கள் ஊர் முறை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நீங்கள் அந்த இடத்திலேயே நிற்கவில்லை. பல்கலைக்கழக வகுப்பில் தேர்தலைப் பற்றிப் பாடம் நடத்தி நடத்தி, சொந்த ஊரில் தேர்தலே நின்றுபோனதைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தீர்கள். அங்கே இளைஞர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஊர் மன்றத்தில் எத்தனை இடமோ அத்தனை பேர்தான் மனுப் போடுவார்கள், அதே ஆட்கள், அதே நாற்காலிகள். "இடங்களும் வேட்பாளர்களும் சமம், ஆகவே வாக்கெடுப்பு இல்லை" என்று செய்தி எழுத உட்கார்ந்தபோது, போன தேர்தலின் செய்தியை எடுத்து அப்படியே போட்டாலும் யாருக்கும் தெரியாது என்று புரிந்ததாம். எழுதி முடித்த கையோடு ஆசிரியரிடம் போய், அடுத்த தடவை இந்தச் செய்தி வராது, நான் நிற்கப்போகிறேன் என்றீர்கள்.

எத்தனை இடமோ அதைவிட ஒருவர் கூடுதல். அவ்வளவுதான் நீங்கள் செய்தது. அதற்கே ஊர் கோபித்துக்கொண்டது. உன்னால் ஒருவர் தோற்று அவமானப்பட வேண்டுமே என்றார்களாம்.

அப்போது எனக்கு எட்டு வயது. போனைத் தூக்கிக்கொண்டு உங்கள் தெருவைச் சுற்றிக் காட்டினீர்கள். சுவரொட்டி ஒட்டுவதற்கென்றே கட்டம் போட்ட ஒரு பலகை, அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண், கடைசிக் கட்டத்தில் உங்கள் முகம். உங்கள் ஊரில் சின்னம் கிடையாது, வேட்பாளரின் பெயரை வாக்காளர் தன் கையாலேயே சீட்டில் எழுதவேண்டும் என்றீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத வயலைப் பார்த்துக் குனிந்து வணங்கினீர்கள். "அங்க யாருமே இல்லையே மாமா?" என்று கேட்டேன். "வரப்புக்கு அங்குட்டு யாராச்சும் இருப்பாக" என்றீர்கள்.

நீங்கள் தோற்றீர்கள். ஒருவர் தோற்க வேண்டியிருந்தது, அது நீங்களாகவே இருந்தது. அன்று போனில் உங்கள் முகத்தைப் பார்த்து ஜெயித்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். "எல்லாரும் வெளிய வந்தாக பவித்ரா! பனியில வரிசையா நின்னாக!" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அடுத்த தடவை ஜெயித்து மன்றத்துக்குப் போனீர்கள். அதற்கடுத்து, எதிர்த்து நிற்க ஆளில்லாத மேயருக்கு எதிராக நின்று மறுபடியும் தோற்றீர்கள். பிறகு நோய் வந்தது.

கடைசியாகப் பேசியபோது ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தீர்கள். அம்மா கொல்லையில் இருந்தாள், நான்தான் எடுத்தேன். புத்தகத்தைப் படித்தேன் மாமா என்றேன். "அதுல உங்க அம்மா இல்ல" என்றீர்கள். ஊரில் எல்லா வீட்டிலும் ஆண்களிடம் பேட்டி எடுத்தபின், ஒரு நாள் சோறு போடும்போது அம்மாவிடமும் கேட்டீர்களாம், தலைவராக யார் வரவேண்டும் என்று நினைக்கிறாய் என்று. "என்னைய யாரும் கேட்டதில்லையே அண்ணே" என்று அம்மா சொன்னாளாம். மற்ற எல்லாப் பதில்களும் ஒரு பக்கம் போக, அந்த ஒரு பதில் மட்டும் எங்கும் பொருந்தவில்லை. அதனால் விட்டுவிட்டீர்கள். "எங்க ஊரு சுவரொட்டிப் பலகை காலியா நின்னப்பதான் அந்தப் பதில் எனக்கு விளங்குச்சு. பொருந்தாத பதில்லதான் புத்தகத்த ஆரம்பிச்சிருக்கணும்," என்றீர்கள். இருமல் வந்தது. உங்கள் மனைவி மிசாகோ அத்தை போனை வாங்கிக்கொண்டார்.

அத்தை போனில் மொழிபெயர்த்து அனுப்பிய செய்தி ஒரு காலையில் வந்தது. "நோபுவோ நேற்று முடிந்தது. உங்கள் அனைவருக்கும் நன்றி." அம்மா அதைப் படித்துவிட்டு எழுந்து குளியலறைக்குப் போனாள். அண்ணன் இறந்தால் தலை முழுக வேண்டும். அப்பா போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. ஊராட்சித் தேர்தல் அறிவித்தார்கள். தலைவர் பதவி பெண்ணுக்கு. முறை எங்கள் கரைக்கு. கருப்பையா பெரியப்பா தன் மருமகள் உமா மதினியின் பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்பது ஊர் கூடுமுன்பே தெரிந்துவிட்டது. மதினி நல்லவர், பி.எஸ்சி. படித்தவர். ஆனால் மனுவில் கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை முடிந்தது, மற்றதைப் பெரியப்பா பார்த்துக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஊர் கூடுவதற்கு முந்தின நாளே அம்மா போய் மனுப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். சத்தியம் வாங்கிவிட்டால் மீற முடியாது, அதனால் முன்னாலேயே போட்டுவிட்டேன் என்றாள். அப்பாவுக்கே அப்போதுதான் தெரியும். ஊரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றி மகளிர் குழு பலமுறை சொல்லியும் பெரியப்பா வீட்டு வாசலோடு அந்தப் பேச்சு நின்றுபோனதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் கூட்டத்துக்கு நானும் போனேன். பெண்கள் கோயில் சுவர் ஓரமாக நின்றோம். பெரியப்பா கத்தவில்லை. வருத்தமாகத்தான் பேசினார்.

"ஏத்தா சாந்தி, ஒனக்கு என்ன கொற வச்சோம்? நல்லது கெட்டது எதுலயாச்சும் ஒன்னைய விட்டிருக்கமா? நம்ம கரைக்குள்ளயே ஒருத்தருக்கொருத்தர் எதுத்து நின்னா மத்த ரெண்டு கரையும் சிரிக்காதா?" பிறகு துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். உங்கள் புத்தகம். "ஒன்னோட அண்ணன், சப்பான்லருந்து வந்து, நம்ம ஊரு ஒத்துமையப் பாத்து ஒலகத்துக்கே எழுதியிருக்காரு. அவரு செத்து வருஷம் திரும்பல. அதுக்குள்ள அவரு எழுதினத நீயே பொய்யாக்கலாமா?"

மாமா, எனக்குத் தாங்கவில்லை. சுவர் ஓரத்திலிருந்து கத்திவிட்டேன். "பெரியப்பா, அவரு அப்பறம் வேற மாதிரி சொன்னாரு! எங்கிட்டப் போன்ல சொன்னாரு!"

எல்லோரும் திரும்பினார்கள். பெரியப்பா புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். "எங்க எழுதியிருக்காரு, காட்டு பாப்பா."

காட்ட ஒன்றும் இல்லை. "புஸ்தகப்புழு இப்ப போன்லயும் படிக்குதாக்கும்" என்று யாரோ சொல்ல, சிரித்தார்கள். என் காது சூடேறியது. இன்றுவரை எனக்கு விடை தெரியாத கேள்வி இது. ஒரு மனிதர் அச்சில் விட்டுப்போனது பெரிதா, படுக்கையிலிருந்து ஒரு பெண்பிள்ளையிடம் சொன்னது பெரிதா? எதை உங்கள் பேச்சு என்று நான் வைத்துக்கொள்ள?

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "செத்தவுகள சாட்சிக்கு இழுக்காத" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் இரண்டடி போனாள்.

"அத்தான், அந்தப் புத்தகத்துல உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். எங்கண்ணே கேட்டவுக சொன்னத எழுதியிருக்காக. சொன்னவுக எல்லாம் ஆம்பளைக. நா யாரையும் எதுத்து நிக்கல. உமாவும் நிக்கட்டும், நானும் நிக்கிறேன். யாரு வேணும்னு ஊருல உள்ள பொம்பளைககிட்டயும் ஒரு தடவ கேட்டுப்புடுவோமே. உமா ஜெயிச்சா மொத மாலை நாந்தான் போடுவேன்."

"மனுவ வாபஸ் வாங்கலைன்னா ஒங்க வீட்டுக் கோயில் வரிய வாங்க மாட்டோம்த்தா," என்றார் பெரியப்பா. வரி வாங்கமாட்டோம் என்றால் எங்கள் வீடு இந்த ஊரைச் சேர்ந்தது இல்லை என்று அர்த்தம். திருவிழாவில் எங்கள் வீட்டு வாசலில் சாமி நிற்காது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் எனக்குப் பள்ளிக்கூடம். அதனால் இது அப்பா சொன்னது. வாபஸ் வாங்கச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாராம். எதிர்க் கடையில் இரண்டு டீ சொன்னார்களாம். "நானும் எப்புடி ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஒங்கம்மா அந்த டீயக் குடிச்சு முடிக்கவே இல்ல. ஊதுறா, கீழ வைக்கிறா, மறுபடி எடுக்குறா. அங்குட்டு ஆபீஸ் கதவச் சாத்திப்புட்டாக. அப்பறந்தான் ஒரே மடக்குல குடிச்சுட்டு, 'போவமா'ங்கிறா." அப்பா இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். பயத்தில் இருந்தவர் அன்றுதான் சிரித்தார்.

அம்மாவுக்குக் கத்தரிக்காய் சின்னம். மதினிக்குப் பூட்டு சாவி. பஸ்ஸில் என் வகுப்புப் பிள்ளைகள், "கத்திரிக்கா மக வந்துட்டா, எடம் விடுங்கடி" என்றார்கள். நானும் ஏறியதும், "எண்ணெய்க் கத்திரிக்கா வேணுமா, சும்மாவா?" என்று அவர்களையே கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டும் மாமா. போட்டி வந்ததும் உமா மதினி வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மாமனார் போய்க் கேட்டால் போதாது, வேட்பாளரே வரட்டும் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் மதினி பெரியப்பாவுக்குப் பின்னால் கும்பிட்டுக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் அவரை விட்டுவிட்டுத் தனியாக வந்தார். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சின்னத்த, நீங்க எனக்கு ஓட்டுப் போடணும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, நானே நிக்கிறேன்டி!"

"எல்லா வீட்டுலயும் கேட்டேன், ஒங்க வீட்ட மட்டும் எப்புடி விடுறது? சின்னத்த, ஊரணிக்கு மேக்க உள்ள வீட்டுல எல்லாம் கொழாயில தண்ணியே வரலயாமே. மாமா எங்கிட்ட ஒன்னும் சொல்லவே இல்ல. நா ஜெயிச்சா மொதல்ல அதத்தான் பாக்கப்போறேன்."

"நா ஜெயிச்சாலும் அதத்தான்டி பாக்கணும். உக்காரு, மோர் குடி."

இரண்டு பேரும் அந்தக் குழாயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன், இது யாரும் சொன்னதல்ல. போட்டி வந்தால் சண்டை வரும் என்றுதானே எல்லோரும் பயந்தார்கள்? சண்டையும் வந்தது, மறைக்கமாட்டேன். சுவரில் வரைந்த கத்தரிக்காயில் சாணி அடித்தார்கள். அப்பாவின் பங்காளிகள் இரண்டு பேர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மதினி பேச ஆரம்பித்ததும் உண்மை. உங்களுடைய புத்தகத்தில் இதற்கு எந்த அத்தியாயத்தில் இடம் கொடுப்பீர்கள்?

இன்று வாக்குப்பதிவு. எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிதான் சாவடி. எனக்கு ஓட்டு இல்லாததால் காலையிலிருந்து எதிரே உள்ள வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. அதில் இரண்டு பெயர்கள், இரண்டு சின்னங்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் பெண்கள்கூடப் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தேன். கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் ஒருவர். திரும்பி வந்து, "பயமா இருந்துச்சு பவி. சட்டுனு குத்திரலாம்னு போனேன், ரெண்டு பேரு இருக்கவும் நின்னு யோசிக்க வேண்டியதாப்போச்சு" என்றார். உங்கள் ஊரில் பனியில் நின்றவர்கள் என்ன சொன்னார்களோ எனக்குத் தெரியாது. இதைப் போல ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மத்தியானம் கருப்பையா பெரியப்பா வெளியே வந்தார். விரலில் மை. வாசலுக்கு எட்ட நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததும் நின்றார். கூட்டத்துக்கப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

"என்ன அத்தான், போட்டாச்சா?" என்றாள் அம்மா.

"போட்டேன். இந்த வயசுல நம்ம ஊருத் தலைவருக்கு இதுதான் எனக்கு மொத ஓட்டு." விரலை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "யாருக்குன்னு கேக்காத."

"நா ஏன் கேக்குறேன். பொட்டிக்குள்ள போட்டாச்சுல்ல."

"பாப்பா, ஒன் மாமன் போன்ல என்ன சொன்னாருன்னு அன்னிக்கு முழுசாச் சொல்லலையே நீ," என்று என் பக்கம் திரும்பினார். பிறகு, "இப்ப வேணாம். ஒருநா வீட்டுக்கு வந்து சொல்லு," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்கள் வரியை வாங்குவார்களா, திருவிழாவில் சாமி எங்கள் வாசலில் நிற்குமா என்பதெல்லாம் இன்னும் தெரியாது.

சாயந்தரம் வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்து, கடைசி ஆள் வரை போடவிட்டார்கள். அப்புறம் பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள். வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முகவராக உட்கார்ந்திருந்த அப்பா ஒரு பக்கம், பெரியப்பா மகன் ஒரு பக்கம், இரண்டு பேரும் அதே மேஜையில் குனிந்து கையெழுத்துப் போட்டார்கள். பெட்டி வேனில் ஏறியது. யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா தோற்கலாம். மற்ற இரண்டு கரைக்காரர்கள் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாமல் இருப்பது எங்கள் ஊருக்கு இதுதான் முதல் தடவை.

மாமா, நான் உங்களைப் போல ஆராய்ச்சி செய்வேனோ, பத்திரிகையில் எழுதுவேனோ, இப்போது சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எனக்கு வயது வந்த பிறகு, எங்கள் ஊர்ச் சீட்டில் என்றைக்காவது ஒரே ஒரு பெயர்தான் இருக்கப்போகிறது என்றால், இரண்டாவது பெயர் என்னுடையதாக இருக்கும். தோற்றாலும் நிற்பேன். இதை நான் யார் மேலும் சத்தியம் செய்து சொல்லவில்லை, சும்மாவே சொல்கிறேன்.

அம்மாவும் உமா மதினியும் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் மரத்தடியில்தான் இருக்கிறேன், உள்ளேயிருந்து வரும் வெளிச்சத்தில் இதை எழுதி முடிக்கப் பார்க்கிறேன். வாட்ச்மேன் ஒவ்வொரு வகுப்பாகப் போய்க்கொண்டிருக்கிறார். கடைசி அறையிலும் விளக்கை அணைத்துவிட்டார்.

உங்கள் மடியில் காது குத்திக்கொண்ட மருமகள்,
பவித்ரா